கச்சேரிக்குப் போன அம்சவல்லி

‘நாதக்கொடி’ பத்திரிகையின் ஆசிரியர் ராமசேஷன் ஊருக்கெல்லாம் ஒரே ஒரு தடவைதான் செத்தார். அம்சவல்லிக்கு மட்டும் செத்தும் பிழைத்தும் கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் காரணம் வாணியம்பாடி சத்தார் பாய் கொண்டுவந்த பழைய காகிதக் கட்டு.

சத்தார் பாய் புளி வியாபாரி. மாசி பிறந்தால் லாரியோடு ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூரில் கொட்டகை போட்டுவிடுவார். சுற்றுப்பட்டுப் பெண்கள் அங்கே உட்கார்ந்து ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, புளியைத் தட்டிக் கூடையில் அடுக்குவார்கள். கூடைக்கு அடியில் விரிக்க, எடைக்கு வாங்கிய பழைய காகிதம் கீழேயிருந்து வரும். 1971-இல் அப்படி வந்த கட்டைப் பிரித்து ஒரு தாளை விரிக்கப்போன அம்சவல்லி, விரிக்காமல் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

படிக்கத் தெரிந்தவள் அவள். சின்ன வயதில் போளூரில் சித்தப்பா வீட்டில் இருந்து எட்டாவது வரை படித்தவள். அப்புறம் மலைக்குத் திரும்பி, கோபால்சாமியைக் கட்டிக்கொண்டு, சாமை விதைப்பு, களையெடுப்பு, புளி உலுக்கல் என்று ஆகிப்போனதில் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. உப்பு மடித்த காகிதத்தைக்கூட நீவிவிட்டுப் படிப்பாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. கேட்பானேன், படிப்புப் பசி அப்படியே இருந்தது.

அந்தத் தாளில் இப்படி இருந்தது: ‘அன்றையக் கச்சேரியில் பாகவதர் கண் கலங்கினார். கூடியிருந்தவர்களும் கலங்கினார்கள். முடிவில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.’

அம்சவல்லிக்குத் தலை சுற்றியது. அந்தப் பக்கத்தில் கச்சேரி என்றால் ஒன்று தாலுக்கா கச்சேரி, இல்லாவிட்டால் போலீஸ் கச்சேரி. அழுகிற இடம்தான், சரி. கை தட்டுவானேன்? அந்தப் பாகவதர் என்ன குற்றம் செய்தார், விட்டுவிட்டார்களா, பிடித்து வைத்துக்கொண்டார்களா? மறுபக்கத்தைத் திருப்பினால் அங்கே தலைவலித் தைல விளம்பரம்.

“பாய், இந்தக் கட்ட எனுக்கு குடேன்.”

சத்தார் பாய் வாயைப் பிளந்தார். “இன்னா தங்கச்சி, சினிமா புஸ்தகம்கூட இல்ல இது. பாட்டுக்காரங்க புஸ்தகம். ஒரு ரிட்டையர் வாத்தியாரு மவுத்தாயிட்டாரு, அவுரு பசங்க எடைக்குப் போட்டுட்டானுங்க. இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?”

“படிப்பேன்.”

“படி, படி. கூடைக்கு வாழச் சருகு போட்டுக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்துவிட்டார். தலைச்சுமையாக வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

முப்பது வருஷத்துப் பத்திரிகை, முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடந்தது. முதலில் கையில் வந்த இதழில் ராமசேஷன் இறந்துவிட்டார். அட்டையில் கறுப்புக் கட்டம் போட்டு, மூக்குக்கண்ணாடி வைத்த ஒரு மெலிந்த மனிதரின் படம். மகள் அலர்மேலு எழுதிய இரண்டு பக்கத்தைப் படித்து அம்சவல்லி மூக்கைச் சிந்தினாள். யாரோ எவரோ, அழுகை வந்துவிட்டது. அடுத்து எடுத்த இதழ் அதற்குப் பத்து வருஷம் முந்தியது. அதில் ராமசேஷன் ஒரு பிடில்காரரைப் பிடித்துக் கிழிகிழி என்று கிழித்திருந்தார். ‘வித்வான் வீட்டில் சாதகம் செய்துவிட்டு வரலாம், மேடையில் அல்ல’ என்று எழுதியிருந்தார். “அடி என் சாமி, இருக்காரு மனுசன்!” என்று அம்சவல்லி தொடையில் தட்டிக்கொண்டாள். இப்படியே அவர் போவதும் வருவதுமாக இருந்தார்.

இதழ்களைத் தரையில் பரப்பி, மாதம் பார்த்து, வருஷம் பார்த்து அடுக்கி முடித்தபோதுதான் அந்தப் பத்திரிகையின் கதை அவளுக்கு நேராக வந்தது. ராமசேஷன் ரயில்வேயில் குமாஸ்தா. பாட்டுப் பைத்தியம் முற்றி, இருந்த வேலையை விட்டுவிட்டு, 1934-இல் சென்னையில் ஒரு சந்து வீட்டின் கூடத்தில் பத்திரிகையை ஆரம்பித்தார். வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ, மாதம் பிறந்தால் ‘நாதக்கொடி’ வந்துவிடும். சபா வாசலில் தாமே நின்று கூவி விற்றார். முதல் வருஷம் எழுத ஆள் கிடைக்கவில்லை. நாலு புனைபெயர் வைத்துக்கொண்டு நாலு பேராகத் தாமே எழுதினார். அதில் ஒரு பெயர்க்காரர் இன்னொரு பெயர்க்காரரோடு சண்டைக்குப் போய், வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கடைசியில் ‘இரண்டு பேரும் அடியேன்தான்’ என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதைப் படித்துவிட்டு அம்சவல்லி தனியாகச் சிரித்தாள். பக்கத்து வீட்டு மாதம்மாள் எட்டிப் பார்த்து, “இன்னாடி, காத்து கருப்பு ஏதாச்சும் பட்டிடுச்சா?” என்றாள்.

யுத்தக் காலத்தில் காகிதம் கிடைக்காமல் பத்திரிகை பஞ்சாங்கம்போல இளைத்துவிட்டது. தவிட்டு நிறத் தாளில், எட்டே பக்கம். அப்புறம் வந்தது தமிழ்ப் பாட்டுச் சண்டை. கச்சேரியில் தமிழ்ப் பாட்டைக் கடைசியில் துணுக்காகப் பாடுவானேன், நடுவில் வைத்து விஸ்தாரமாகப் பாடினால் குறைந்தா போகும் என்று ராமசேஷன் கேட்டார். அவ்வளவுதான், கூட்டம் கூட்டமாகச் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். மனிதர் அசையவில்லை. “தமிழ்ல பாடுனா இன்னா கேடாம் இவுங்களுக்கு?” என்று அம்சவல்லி மலைமேல் உட்கார்ந்துகொண்டு, ஆறி அடங்கிப்போன அந்தச் சண்டையில் அவர் பக்கம் நின்றாள். ராமசேஷன் போன பிறகு, பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வம்பு என்று பலர் சொல்லியும் கேளாமல் அலர்மேலு அதே கூடத்தில் உட்கார்ந்து நடத்தினாள்.

அதற்குள் கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ‘கச்சேரிக்குப் போனேன், என்னையே மறந்தேன்’ என்று எந்தப் போலீஸ் ஸ்டேஷனைப் பற்றியும் ஒருவரும் எழுதமாட்டார்கள் அல்லவா? ராகத்தின் பெயர்கள் மனப்பாடமாயின. யார் பாடினால் எந்த ராகம் எப்படி இருக்கும் என்பது, பார்க்காத உறவுக்காரர்களின் குணம்போலத் தெரிந்துபோயிற்று. எல்லாம் தெரிந்தது. ஒன்றுகூடக் கேட்டதில்லை.

அதுதான் கொடுமை. பாட்டைப் பற்றி ஆயிரம் பக்கம் படித்தவள் பாட்டைக் கேட்டதில்லை. ‘ஸ ரி க ம’ என்று வரிவரியாக அச்சடித்திருந்ததை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல வந்ததே தவிரப் பாட்டாகவில்லை. களையெடுக்கும்போது பாடுகிற மெட்டில் அதைப் போட்டுப் பாடினாள். கூட இருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் லட்சுமணனிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. ஆனால் ஊர் மலை மடிப்புக்குள் முடங்கிக் கிடந்த ஊர். ஒரு வரி வந்தால் ஒன்பது விசில் வரும். அதோடு வாத்தியாருக்குச் சினிமாப் பாட்டும் செய்தியும் போதும். “இதுங்க ஒரே வார்த்தையையே இழுத்துக்கினு கெடக்கும், பேட்டரி தீந்துபூடும்” என்று திருகிவிடுவார். ஒருமுறை யாரோ ஆண்பிள்ளை அரை வரி பாடியது கேட்டது. என்ன ராகமோ, யார் குரலோ, அதற்குள் இரைச்சல் வந்து மூடிக்கொண்டது. அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பத்திரிகை சொன்ன எத்தனையோ பேரில் அவள் மனசு ஒட்டிக்கொண்டது சந்தவாசல் சுந்தரம்மாளிடம். சந்தவாசல் படவேட்டுக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். அங்கிருந்து ஒரு பெண் சென்னைக்குப் போய்ப் பெரிய பாடகி ஆகியிருக்கிறாள்! பட்டணத்தார் சிலர் அவள் உச்சரிப்பைக் கேலி செய்தபோது ராமசேஷன் சீறியிருந்தார். ‘சுந்தரம்மாளின் குரலில் ஈரம் இருக்கிறது. உங்கள் குரல்கள் வற்றிவிட்டன, அதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். குரலில் ஈரம் என்றால் என்ன? அம்சவல்லி அதை நினைத்து நினைத்துப் பார்ப்பாள். ஓடையில் முகம் கழுவும்போது நினைப்பாள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பாட்டு, எதிரில் உட்கார்ந்து கேட்டுவிட்டால் போதும், அப்புறம் கண்ணை மூடினாலும் கவலையில்லை என்று தோன்றும். கல்யாணத்துக்கு, நகைக்கு, பிள்ளைக்கு ஏங்கியவர்களை அந்த மலை பார்த்திருக்கிறது. பாட்டுக்கு ஏங்கியவள் இவள் ஒருத்திதான்.

அந்தக் கட்டு முழுவதையும் திரும்பத் திரும்பப் படித்துத் தீர்த்த பிறகு, புது இதழுக்கும் ஏற்பாடாயிற்று. சத்தார் பாய் வாணியம்பாடியிலிருந்து சந்தா கட்டிவிடுவார், அவள் அதைப் புளிக் கூலியில் கழித்துக்கொள்வாள். மாதாமாதம் ஒரு காகிதச் சுருள், அம்சவல்லி பெயரில், மலை ஏறி வந்தது. கோபால்சாமிக்கு அதில் பெருமைதான். நெடுநெடுவென்று உயரம், பாறையில் தொங்கித் தேன் எடுக்கிற தைரியம், ஆனால் எழுத்து என்றால் ஒன்றும் தெரியாது. காக்கிச் சட்டை என்றால் அதைவிடப் பயம். “உன் காயிதம் வந்துச்சாமே?” என்று கேட்பான். உள்ளே என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. கேட்டால் சிரிப்பானோ என்று ஒரு கூச்சம். இந்தக் கூச்சம்தான் பின்னால் குடியைக் கெடுத்தது.

1982 ஆனியில் வந்த இதழில் கடைசிப் பக்கத்தில் சின்னதாக ஒரு அறிவிப்பு. ஆடி மூன்றாவது வெள்ளிக்கிழமை, படவேடு ரேணுகாம்பாள் கோயில் பந்தலில், பிற்பகல் மூன்று மணிக்கு, சந்தவாசல் சுந்தரம்மாள் பாட்டு. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு பாட வருகிறாராம்.

அம்சவல்லி அதை மூன்று தடவை படித்தாள். படவேடு! காலையில் போளூர் பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். கூழ் குடித்துக்கொண்டிருந்த கோபால்சாமி எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“மாமா, ஆடி மூணாவது வெள்ளிக்கெழம கச்சேரி இருக்குது. நான் போவணும்.”

கோபால்சாமி கலயத்தை வாயிலிருந்து எடுத்தான். அந்தத் தைமாசம்தான் அவர்கள் நிலத்து ஓரத்தில் யாரோ வெட்டிப்போட்ட சந்தனமரத்தின் அடிக்கட்டையைப் பார்த்துவிட்டு, வனக்காவலர் ஒருவர், “விசாரணைன்னா செங்கம் கச்சேரிக்கு வர வேண்டியிருக்கும், தெரியுமில்ல?” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நிலமோ அம்சவல்லியின் அப்பா அவள் பெயரில் எழுதிவைத்தது.

“உனுக்கு எப்பிடித் தெரியும்?” என்றான் மெதுவாக.

“தபால்ல வந்துச்சு. அச்சடிச்சே போட்டிருக்குது.”

“நீயேதான் போவணுமா?”

“பின்ன, எனுக்குப் பதுலா ஊரா போவும்?”

“போவாம இருந்துட்டா?”

“போவாம இருந்தா என் உசிரே போய்டும் மாமா.”

கோபால்சாமி கலயத்தைக் கீழே வைத்துவிட்டான். “எம்மா நேரம் வச்சிருப்பாங்க?”

“மூணு மணி நேரமாவது ஒக்கார வெப்பாங்க. அதுக்கு மேலயும் ஆவலாம்.”

“ரொம்பக் கேள்வி கேப்பாங்களா?”

அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்தது. “அவுங்க இன்னாத்த கேக்குறது? கேக்குறது நாமதான்.”

அட, இவளுக்குத்தான் என்ன தைரியம் என்று அவன் அவளையே பார்த்தான். அவள் முகத்திலோ கல்யாணக் களை. இப்படி ஆளுக்கு ஒரு கச்சேரியை மனசில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் நாலு வாரம் இருந்தார்கள். அவள் புடவையைத் துவைத்து மடித்துவைத்தாள். அவன் மலைக்கோயில் சாமிக்குச் சேவல் நேர்ந்துகொண்டான். ஒருத்தராவது வாயைத் திறந்து இன்னும் ஒரு வார்த்தை பேசித் தொலைத்திருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை விடிந்து அம்சவல்லி எழுந்தபோது பக்கத்தில் அவன் இல்லை. காட்டுப்பக்கம் போயிருப்பான் என்று நினைத்து, குளித்து, துவைத்த புடவையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு கதவைச் சாத்தப்போனாள். மாதம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

“அம்சா, உன் வூட்டுக்காரரு உன்ன எங்கியும் போவ வேணாம்னு சொல்லச் சொன்னாரு. பொம்பள கச்சேரிப் படி ஏறக் கூடாதாம். நானே போயி ஒப்புக்கினு வந்துர்றேன்னு செங்கத்துப் பாதையில எறங்கிப் பூட்டாரு. இன்னாடி கேசு?”

அம்சவல்லிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

போளூர் பஸ் கிழக்கே. செங்கத்து ஒற்றையடிப் பாதை தெற்கே. பஸ் வருகிற நேரம். அந்த மனிதன் செங்கத்தில் போய் என்ன செய்வான்? “நீதான் வெட்டினியா?” என்று காக்கிச் சட்டை ஒரு அதட்டல் போட்டால் போதும், வெட்டாத மரத்தை வெட்டினேன் என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வான். சந்தனக் கட்டை என்றால் யாரையும் விடாத காலம் அது. “பாழாப்போன மனுசா, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? நான் இன்னா ஊமையா?” என்று அவனைத் திட்டினாள். தன்னையும் திட்டிக்கொண்டாள். மூலையில் திரும்பி வந்த பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பத்து வருஷ ஆசை அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டது. அழுதுகொண்டே எழுந்து, ‘நாதக்கொடி’யைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, தெற்கே இறங்கினாள்.

செங்கம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. கோபால்சாமி கைகட்டி நிற்கிறான். ரைட்டர் ஒருவர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

“யோவ், உன் பேர்லயும் ஒண்ணும் இல்ல, உன் பொண்டாட்டி பேர்லயும் ஒண்ணும் இல்ல. எத்தினி வாட்டி சொல்றது? போய்யா வூட்டுக்கு.”

“இல்லைங்க சாமி, தபால்ல வந்துச்சுங்க. அச்சடிச்சே வந்துச்சுங்க. அவ பொம்பளைங்க. இன்னா இருந்தாலும் எம்மேல எழுதிக்கங்க.”

அம்சவல்லி மூச்சிரைக்க வந்து நின்றாள். இதழின் கடைசிப் பக்கத்தை ரைட்டரிடம் நீட்டினாள். அவர் படித்தார். அவளைப் பார்த்தார். கோபால்சாமியைப் பார்த்தார்.

“அட கிறுக்கா! பாட்டுக் கச்சேரிய்யா இது. படவேட்டுல. உன் சம்சாரம் பாட்டு கேக்கப் போவணும்னு சொல்லியிருக்குது.” அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். கோபால்சாமி சிரிக்கவில்லை. அவன் அவள் தலையில் வாடிப்போயிருந்த பூவைப் பார்த்தான்.

“இதுக்குத்தான் அந்தப் பொடவையா?” என்றான்.

அவள் தலையை ஆட்டினாள்.

“சொல்லியிருந்தா உன்னத் தோள்ல தூக்கிக்கினு போயிருப்பேனே அம்சா.”

“இப்பவும் ஒண்ணும் ஆவல, நட” என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஆனால் ஆடி வெள்ளி. அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் படவேட்டுக்குத்தான் போகிறது. வந்த பஸ்ஸெல்லாம் நிற்காமல் போயிற்று. ஒருவழியாகப் போளூர் போய்ச் சேர்ந்து, அங்கே மறு பஸ்ஸுக்கு நின்று, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் கோபால்சாமி, “இப்ப இன்னா பாடுவாங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவளுக்கு அது தெரியும். முதலில் வர்ணம். அப்புறம் சின்னச் சின்னதாக நாலைந்து. அப்புறம் ஒரு ராகத்தை எடுத்து நிதானமாக ஆலாபனை. வெயில் இறங்க இறங்க, சுந்தரம்மாள் எந்த இடத்தில் இருப்பாள் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். சந்தவாசல் தாண்டும்போது தனி ஆவர்த்தனமும் முடிந்து கடைசித் துணுக்குகளுக்கு வந்திருக்கும் என்று தோன்றியது. அதற்குமேல் நினைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

படவேட்டில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பம்பையும் உடுக்கையுமாகக் கரகம் போய்க்கொண்டிருந்த தெருவில் தலைகளுக்கு மேல் தலைகள். இரண்டு பேரும் இடித்துப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குப் போனார்கள். பந்தலில் ஆள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மேடையில் தம்புராவுக்கு உறை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பின்பக்கம் ஒரு அம்பாசடர் கார் கதவு திறந்து நின்றது. அதன் பக்கத்தில், பட்டுப்புடவையில் குள்ளமாக, பருமனாக, வயசான ஒரு அம்மா நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் பார்த்த முகம். அம்சவல்லி கிட்டே போனாள். கைகூப்பினாள்.

“இன்னாம்மா, பாட்டு கேக்க வந்தியா?” என்றார் சுந்தரம்மாள்.

அப்படியே அவள் ஊர்ப் பேச்சு! அத்தனை வருஷம் பட்டணத்தில் இருந்தும் ‘இன்னா’ போகவில்லை. அம்சவல்லிக்கு அதிலேயே கண் நிறைந்துவிட்டது.

“ஆமாங்க.”

“பந்தல்ல உன்னப் பாக்கலியே. எதிர்ல இருந்த மூஞ்சி அத்தினியும் எனுக்குத் தெரியும். கொஞ்சம் பேருதான் இருந்தாங்க. பம்பச் சத்தம் கேட்டதும் பாதிப்பேரு எழுந்து பூட்டாங்க. சொந்த ஊரு பக்கம் பாடணும்னு எம்மா நாளு ஆச...” என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கோபால்சாமி பின்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டான். அவன் வாயைத் திறப்பதற்குள் அம்சவல்லி முந்திக்கொண்டாள்.

“நேரங்கழிச்சி வந்துட்டேங்க. மல மேலருந்து வர்றேன். எறங்க நேரமாய்டுச்சு. உங்கள ரொம்ப வருசமா தெரியுங்க. நெறைய படிச்சிருக்கேன். ஒரு பாட்டுகூட கேட்டதில்லைங்க.”

சுந்தரம்மாள் செருப்புத் தேடுவதை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார். அவள் கையைப் பிடித்தார். ஒரு வரியாவது பாடிவிட வேண்டும் என்று வாயைத் திறந்ததுபோல இருந்தது. இருமல்தான் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். “தொண்ட கட்டிக்கிச்சிம்மா. பாவி, நீ ஒருத்தி முன்னால ஒக்காந்திருந்தா நான் இன்னும் ஒரு மணி நேரம் பாடியிருப்பேனே” என்றார். யாரோ அவசரப்படுத்தினார்கள். அவர் ஏறிக்கொண்டார். கார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டது.

அம்சவல்லி அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அம்மன் அருள் வந்துவிட்டது என்று நினைத்து வேப்பிலையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கோபால்சாமி பக்கத்தில் உட்கார்ந்து, “அடுத்த ஆடிக்கு மொத ஆளா கூட்டிக்கினு வந்துர்றேன், அழாத” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுவோம். அடுத்த ஆடிக்குச் சுந்தரம்மாள் வரவில்லை. அந்த மார்கழியோடு அவர் பாடுவதை நிறுத்திவிட்டார் என்று ‘நாதக்கொடி’யில் ஒரு சின்னச் செய்தி வந்தது. இன்னும் நாலு வருஷத்தில் அலர்மேலுவுக்குக் கண் பார்வை மங்கி, ‘நாதக்கொடி’யும் நின்றுபோயிற்று. அம்சவல்லி சுந்தரம்மாளைக் கேட்கவே இல்லை. பாத்திரம் துலக்கும்போது, கட்டை பொறுக்கும்போது, “பாவி, நீ ஒருத்தி முன்னால” என்ற குரல் மட்டும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சே இப்படி என்றால் பாட்டு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோவாள்.

இதெல்லாம் பிறகு. அந்த வருஷம் ஆவணியில் வழக்கம்போலக் காகிதச் சுருள் வந்தது. கோபால்சாமி அதைத் தபால்காரரிடமிருந்து தானே வாங்கி, ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து கொடுத்தான்.

“அன்னிக்குப் பாடுனத எழுதியிருக்காங்களா பாரு.”

எழுதியிருந்தார்கள். ஒரு முழுப் பக்கம்.

“படியேன். நானும் கேக்குறேன்” என்று அவன் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். அத்தனை வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் படித்தாள். என்ன வர்ணம் பாடினார், என்ன கீர்த்தனை பாடினார், எந்த ராகத்தை விரித்தார், மேலே போகும்போது குரல் எப்படிக் கலங்காமல் நின்றது என்று வரிவரியாகப் படித்தாள். கோபால்சாமிக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, சாமி கும்பிடுவதுபோல அசையாமல் கேட்டான். தன்னால் அவள் இழந்தது எவ்வளவு என்று அளந்து பார்க்கிறவன்போல, “மெதுவா படி, மெதுவா படி” என்றான்.

கடைசிப் பத்திக்கு வந்தாள். ‘இத்தகைய கானம் நடந்தபோது பந்தலில் பாய்கள்தான் இருந்தன. ஜவ்வாது மலைப்பக்கத்து ஜனங்களுக்குச் சங்கீதம் கேட்கும் ஆசையே கிடையாது என்பதை அன்று நேரில் கண்டோம்’ என்று இருந்தது.

அம்சவல்லியின் கண் அந்த வரியில் நின்றது. வாய் நின்றுவிட்டது.

கோபால்சாமி கண்ணைத் திறந்தான். “அப்பறம்?”

“அப்பறம் இன்னா? கூட்டம் தாங்கலயாம். நம்ம மலச் சனமெல்லாம் எழுந்திருக்காம கடைசி வரிக்கும் ஒக்காந்து கேட்டாங்கன்னு போட்டிருக்குது மாமா.”

“பாத்தியா!” என்று கோபால்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். “நம்ம சனம்னா இன்னான்னு நெனச்ச? இன்னொரு வாட்டி அத்தப் படி.”

அவள் காகிதத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இல்லாத அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.